வெடுக்கென்று ஓர் இழுப்பு: 'யாங்க்' என்ற ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கப் பழகுகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பத்திரிகைக்காரர்களும் உண்டு, மென்பொருள் துறையினரும் உண்டு. 'யாங்க்' என்ற சொல் தலைகாட்டும்போதெல்லாம் இரு தரப்பினரும் அதே ஐயங்களை எழுப்புகிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

அகராதியில் 'இழு' என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதானா, வேறு ஏதாவது இருக்கிறதா?

'இழு' தவறில்லை, போதாது. 'யாங்க்' என்றால் வெடுக்கென்று இழுப்பது. ஒரே இழுப்பு, திடீரென்று, பலத்தோடு. இழுபடும் பொருள் எங்கேயோ பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதில் அடக்கம். மேசைமேல் சும்மா கிடக்கும் காகிதத்தை யாரும் 'யாங்க்' செய்வதில்லை. அதே காகிதம் இன்னொருவர் கையில் இருந்தால் செய்யலாம்.

ஆடுகிற பால் பல்லில் நூலைக் கட்டி, குழந்தை வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் தாத்தா ஓர் இழுப்பு இழுப்பாரே, அதுதான். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்துச் சுண்டுகிறவர்களையும் ஆங்கிலத்தில் இந்த வினையால்தான் திட்டுவார்கள்.

புல், டக், ஜெர்க், டிராக், ஹால் என்று இழுப்பதற்கே இத்தனை சொற்கள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. 'புல்' பொதுச் சொல்; நம் 'இழு'வைப் போல எங்கும் செல்லும். 'டக்' சிறிய இழுப்பு, பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருவது. கடைத்தெருவில் பொம்மை கேட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும் குழந்தை செய்வது 'டக்'. 'டிராக்' தரையோடு தரையாகத் தரதரவென இழுத்துச் செல்வது. 'ஹால்' கனத்தை இழுப்பது. மீன் நிறைந்த வலையைக் கரைக்கு இழுப்பவர்கள் செய்வது அது.

'ஜெர்க்'தான் 'யாங்க்'குக்கு மிக அருகில் நிற்கிறது. குழப்பமும் அங்கேதான் வருகிறது. 'ஜெர்க்' தானாகவும் நிகழலாம்: பிரேக் போட்டதும் பஸ் குலுங்குவது, தூக்கத்தில் கால் வெட்டி இழுப்பது. 'யாங்க்' தானாக நிகழாது. இழுக்க ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கு அவசரமோ ஆத்திரமோ இருக்க வேண்டும்.

தமிழில் இந்த வேறுபாடுகளில் பாதியை வினைச்சொல்லைவிட அதற்கு முன்னால் வரும் ஒலிக்குறிப்பே காட்டிவிடுகிறது. 'தரதரவென இழுத்தான்', 'வெடுக்கென்று இழுத்தான்' என்றால் வினை ஒன்று, காட்சி இரண்டு. ஆகவே 'யாங்க்'கை மொழிபெயர்க்கும்போது ஒற்றைச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'வெடுக்கென்று பிடுங்கினான்', 'சட்டென்று உருவினான்' என்று எழுதுங்கள்.

இது கொச்சைச் சொல்லா? அலுவலகக் கடிதத்தில் எழுதலாமா?

கொச்சை என்று சொல்ல முடியாது. அகராதிகள் இதைப் பேச்சுவழக்குச் சாயல் கொண்ட சொல் என்றே குறிக்கின்றன. ஆங்கிலச் செய்தித்தாள்கள் தலைப்பிலேயே தாராளமாகப் போடுகின்றன. ஆனால் ஒப்பந்தம், நீதிமன்ற மனு, மேலதிகாரிக்கு எழுதும் விளக்கம் ஆகியவற்றில் வேண்டாம். கொச்சையான பயன்பாடும் ஒன்று உண்டு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

ஸ்காட்லாந்திலிருந்து. முதலில் கிடைப்பது 1818இல், பெயர்ச்சொல்லாக. அப்போது பொருள் இழுப்பு அல்ல, பளாரென்று விழும் அடி. 1820களில் வினைச்சொல்லாகவும் எழுத்தில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்க ஆங்கிலத்தில் 'திடீர் இழுப்பு' என்ற பொருள் வேரூன்றிவிட்டது. அடியும் இழுப்பும் ஒரே சொல்லில் சேர்ந்ததில் வியப்பில்லை. இரண்டும் கை திடீரென்று செய்கிற வேலைதான்.

அதற்கு முன்னால்? சொற்பிறப்பு அகராதிகள் 'மூலம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இந்தப் பதிலைக் கேட்டதும் வகுப்பில் முகங்கள் வாடிவிடும். எனக்கோ அகராதி மீது மதிப்பு கூடுகிறது. லத்தீனையோ கிரேக்கத்தையோ வம்பாக இழுத்துவந்து ஒட்டவைக்க யாராலும் முடியும்.

அமெரிக்கர்களை 'யாங்க்' என்கிறார்களே, அவர்கள் எதையோ இழுத்ததால் வந்த பெயரா?

இல்லை. இவை ஒரே எழுத்துகளில் எழுதப்படும் இரண்டு வெவ்வேறு சொற்கள். அமெரிக்கரைக் குறிப்பது 'யாங்கி' என்பதன் சுருக்கம். இடப்பெயர், ஆட்பெயர் போலப் பெரிய எழுத்தில் தொடங்கும். இழுப்பதைக் குறிப்பது சிறிய எழுத்தில் தொடங்கும், ஸ்காட்லாந்து வழி வந்தது.

காலத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். 'யாங்கி' 1750களிலேயே கடிதங்களில் இருக்கிறது. அதைச் சுருக்கி 'யாங்க்' என்று சொல்வதும் 1770களில், அமெரிக்க விடுதலைப் போர் நடக்கும்போதே தொடங்கிவிட்டது. இழுக்கிற 'யாங்க்' அப்போது எழுத்தில் எட்டிப்பார்க்கவே இல்லை. பிற்பாடு இரண்டும் அமெரிக்காவில் அக்கம்பக்கமாக வாழ நேர்ந்ததால் உறவு இருப்பதுபோல் தோன்றுகிறது. தமிழில் படிக்கட்டில் இருக்கும் 'படி'க்கும், 'பாடம் படி' என்பதில் வரும் 'படி'க்கும் உறவு தேடுவோமா?

அப்படியென்றால் 'யாங்கி' எங்கிருந்து வந்தது?

அறிஞர்களில் பலர் சாய்வது டச்சு மொழியின் பக்கம். இன்றைய நியூயார்க் 17ஆம் நூற்றாண்டில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சுக் குடியிருப்பு. டச்சுக்காரர்களிடம் 'யான்' என்பது தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். அதன் செல்ல வடிவம் 'யாங்கெ', அதாவது குட்டி யான். 'யான் கேஸ்' என்ற கேலிப்பெயரிலிருந்து வந்தது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். 1680களில் கரீபியக் கடலில் திரிந்த ஒரு டச்சுக் கடற்கொள்ளைத் தலைவனுக்கு 'யாங்கி' என்ற பட்டப்பெயர் இருந்ததற்கு ஆவணம் உண்டு.

1758இல் ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் உல்ஃப் தம்மோடு இருந்த நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) படையினரை 'யாங்கிகள்' என்று எழுதினார். பாராட்டாக எழுதவில்லை, அந்தக் குடியேற்றப் படையினர் மீது அவருக்கு இளப்பம்தான். 'யாங்கி டூடில்' பாட்டையும் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நையாண்டியாகத்தான் பாடினார்கள். கேலி செய்யப்பட்டவர்களோ அதையே தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1978இல் கனெக்டிகட் மாநிலம் அதை அதிகாரபூர்வ மாநிலப் பாடலாகவே ஆக்கிவிட்டது.

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கிகளின் மொழியில் 'கோழை' என்ற பொருளில் இருந்ததாகப் படித்தேன். பாரசீகம் என்றும் ஒரு கட்டுரையில் இருந்தது. எதை நம்புவது?

இரண்டையும் வேண்டாம். செரோக்கிக் கதையைச் சொன்னவர் தாமஸ் ஆன்பரி என்ற ஆங்கிலேய அதிகாரி, 1789இல். விடுதலைப் போரில் எதிர்த்தரப்பில் இருந்தவர். செரோக்கி மொழியில் அப்படி ஒரு சொல் அகப்படவில்லை. எதிரியின் பெயருக்குக் 'கோழை' என்று பொருள் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாரசீகக் கதை இன்னும் வேடிக்கையானது. அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் எந்தச் சொல்லுக்கும் தொலைதூர வேர் தேடுகிறவர். அவரைக் கிண்டல் செய்து 1810இல் பாஸ்டனில் ஒரு கடிதம் அச்சானது. 'யாங்கி' பாரசீகத்தின் 'ஜங்கி', அதாவது போர்வீரனிலிருந்து வந்தது என்று அதில் ஒரு போடு போட்டிருந்தார்கள். நகைச்சுவை புரியாத சிலர் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு பரப்பிவிட்டார்கள். கிண்டலுக்கு எழுதியது ஆதாரமாகிவிட்டது.

தமிழ் வேர் ஏதாவது இருக்க வாய்ப்புண்டா?

இல்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பது மட்டும் ஆதாரமாகாது. மேலே உள்ள பாரசீகக் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

அமெரிக்கரிடம் நேரடியாக 'யாங்க்' என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரா?

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கர்களிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு: வெளிநாட்டாருக்கு அமெரிக்கர் எல்லாரும் யாங்கி; அமெரிக்கருக்கு வடக்கத்தியர் யாங்கி; வடக்கத்தியருக்கு நியூ இங்கிலாந்துக்காரர் யாங்கி; அங்கே போய்க் கேட்டால் வெர்மாண்ட் மாநிலத்துக்காரரைக் கைகாட்டுவார்கள்; வெர்மாண்டிலோ, காலைச் சாப்பாட்டுக்கு 'பை' என்ற மாவுப் பலகாரம் தின்கிறவர்தான் யாங்கி. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படைவீரனுக்கு 'பில்லி யாங்க்', தெற்குப் படைவீரனுக்கு 'ஜானி ரெப்' என்று பெயர். அதனால் தென் மாநிலமான அலபாமாவைச் சேர்ந்த ஒருவரை 'யாங்க்' என்று அழைத்தால் அவர் சிரிக்காமலும் போகலாம்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது, எல்லா அமெரிக்கரும் 'யாங்க்'தான். சற்றே இளக்காரம் கலந்திருக்கும், வசவு ஆகாது. ஆனால் லண்டன்காரர்களின் எதுகைக் குறும்பு இதை விட்டுவைக்கவில்லை. 'யாங்க்'குக்கு எதுகையாக 'டாங்க்', அதிலும் 'செப்டிக் டாங்க்' என்று எடுத்துக்கொண்டு, பிறகு டாங்கையும் வெட்டிவிட்டு அமெரிக்கரைச் 'செப்டிக்' என்றார்கள். ஆஸ்திரேலியர்கள் அதையும் குறுக்கிச் 'செப்போ' ஆக்கினார்கள். இதை மட்டும் யாரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஏன் அந்தப் பெயர்?

அந்த பேஸ்பால் அணிக்கு முதலில் 'ஹைலேண்டர்ஸ்' என்று பெயர். பத்திரிகைத் தலைப்புக்கு அது நீளம். அணி நியூயார்க்கில் ஆடத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே விளையாட்டுப் பக்கங்கள் 'யாங்கீஸ்', 'யாங்க்ஸ்' என்று போட ஆரம்பித்துவிட்டன. 1913இல் அதுவே அதிகாரபூர்வப் பெயரானது. தலைப்பில் இடம் பத்தாமல் திண்டாடிய உதவி ஆசிரியர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

விமானிகள் பேச்சில் 'யாங்கி' வருகிறதே, அது?

ஆங்கில எழுத்து 'ஒய்'யை வானொலியில் தெளிவாகச் சொல்வதற்கான குறிச்சொல். 'ஆல்பா, பிராவோ, சார்லி' என்று போகும் வரிசையில் கடைசிக்கு முந்தையது. 1956இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வரிசை அது. அமெரிக்கர், இழுப்பு இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை.

'தொலைக்காட்சித் தொடர் யாங்க் செய்யப்பட்டது' என்ற செய்தியை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒளிபரப்பிலிருந்து திடீரென்று எடுத்துவிட்டார்கள் என்று பொருள். முதல் பதிலில் சொன்ன இரண்டு சாயல்களும் இங்கேயும் இருக்கின்றன: முன்னறிவிப்பில்லாத திடீர்த்தன்மை, எதிர்ப்பை மீறிய வன்மை. தொடர் கதை முடிந்து இயல்பாக நின்றால் இந்தச் சொல் வராது. விளம்பரம் எதிர்ப்பால் பின்வாங்கப்பட்டால் வரும், கெட்டுப்போனது என்று தெரிந்து உணவுப் பொட்டலங்கள் கடை அலமாரியிலிருந்து அகற்றப்பட்டால் வரும், பேஸ்பால் பந்துவீச்சாளரின் பந்துகள் அடி வாங்குகின்றன என்று பயிற்சியாளர் பாதி ஆட்டத்தில் அவரை வெளியே அழைத்துக்கொண்டால் வரும்.

தமிழில் 'அதிரடியாக நீக்கம்' என்று எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 'அதிரடி' தேய்ந்துபோன சொல். 'திடீர் நிறுத்தம்', 'அவசரமாக அகற்றினர்' என்பதே போதும்.

'செயினை யாங்க் செய்யாதே' என்கிறார்களே, ரயிலில் அபாயச் சங்கிலியை இழுப்பதா?

அப்படி ஒருவர் உண்மையாகவே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். 'சும்மா என்னைச் சீண்டாதே' என்பதுதான் பொருள். சங்கிலியில் கட்டிய நாயை வேண்டுமென்றே சுண்டி இழுத்து வெறுப்பேற்றுவது என்ற படிமத்திலிருந்து வந்ததாகப் பொதுவாக விளக்குவார்கள்.

'காலை இழுப்பது' என்ற இன்னொரு ஆங்கில மரபுத்தொடரோடு இதைக் குழப்ப வேண்டாம். அது பொய் சொல்லி வேடிக்கை பார்ப்பது, பெரும்பாலும் நட்போடு. இதில் நட்பு குறைவு, வம்பு அதிகம். தமிழ்ப் பேச்சில் 'காலை வாருவது' என்பது இரண்டும் அல்ல. அது கவிழ்ப்பது.

எங்கள் மனிதவளத் துறையில் 'ராங்க் அண்ட் யாங்க்' என்று பேசிக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

வரிசைப்படுத்து, கடைசியில் இருப்பவரைப் பிடுங்கி எறி என்பதே அதன் நேர்ப்பொருள். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையில் இருந்த ஜாக் வெல்ச் இதைப் புகழ்பெறச் செய்தார். ஊழியர்களை மேல் 20 விழுக்காடு, நடு 70, கீழ் 10 என்று பிரித்து, கீழே இருப்பவர்களை வெளியேற்றுவது முறை. எதுகை நயத்தோடு இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் விமர்சகர்கள். வெல்ச்சுக்கு அது பிடிக்கவில்லை. 'வேறுபடுத்துதல்' என்பதே சரி என்று 2013இல் கட்டுரை எழுதி வாதாடினார். ஆனாலும் 'யாங்க்'தான் ஒட்டிக்கொண்டது. வேலையை இழக்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

மைக்ரோசாஃப்ட் தன் கட்டாய வரிசைமுறையை 2013இல் கைவிட்டது. சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் 'பெல் கர்வ்' (மணிவடிவ வளைகோட்டில் ஊழியர்களைப் பிரித்து மதிப்பிடுவது) என்று காதில் விழுவது இதே குடும்பத்தின் உறுப்பினர். பயப்பட வேண்டுமா என்பதை உங்கள் மேலாளரிடம்தான் கேட்க வேண்டும்.

நிரல் எழுதும் மென்பொருளான 'விம்' எடிட்டரில் 'யாங்க்' என்றால் நகலெடுப்பது. 'ஈமாக்ஸ்' எடிட்டரில் 'யாங்க்' என்றால் ஒட்டுவது. எப்படி ஒரே சொல் இரண்டுக்கும் வரும்?

மென்பொருள்காரர்கள் தவறாமல் கேட்பது இது. 'விம்'மின் முன்னோடியான 'வி.ஐ.'யை 1976 வாக்கில் பில் ஜாய் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதினார். நகலுக்கு 'சி' என்ற எழுத்தைத் தரலாம் என்றால் அது 'மாற்று' என்ற கட்டளைக்குப் போய்விட்டது. அதனால் 'ஒய்'. ஒரு வரியின்மேல் நின்று 'ஒய்'யை இரண்டு முறை தட்டினால் வரி கணினியின் தற்காலிக நினைவிடத்துக்குப் போகும். 'பி' தட்டினால் கீழே வந்து விழும். அதே 1976இல் எம்.ஐ.டி.யில் உருவான 'ஈமாக்ஸ்'ஸில் 'கன்ட்ரோல்' விசையோடு 'கே' தட்டினால் வரியின் மீதிப் பகுதி வெட்டுப்படும். 'கன்ட்ரோல்' விசையோடு 'ஒய்' தட்டினால் வெட்டியது திரும்பி வரும்.

முரண்பாடு வெளித்தோற்றம்தான். இரண்டிலும் எழுத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுக்கப்படுகிறது. 'வி.ஐ.' கோப்பிலிருந்து நினைவிடத்துக்கு இழுக்கிறது, 'ஈமாக்ஸ்' நினைவிடத்திலிருந்து கோப்புக்கு இழுக்கிறது. இழுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதே வேறுபாடு. 'ஈமாக்ஸ்' பிறந்தது 'டெகோ' என்ற இன்னும் பழைய எடிட்டரின் மேல்; அதிலும் 'ஒய்' கட்டளை கோப்பின் பக்கத்தை உள்ளே இழுப்பதற்கு இருந்தது.

ஓர் உபரித் தகவல்: லினக்ஸ் முனையத்தில் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் 'பாஷ்' நிரல் வழக்கமாக ஈமாக்ஸ் பழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. நீளமான கட்டளையைத் தட்டிவிட்டு, அதற்கு முன் வேறொன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றினால், 'கன்ட்ரோல்' விசையோடு 'யு' தட்டி வெட்டிவையுங்கள். அந்த வேலையை முடித்துவிட்டு 'கன்ட்ரோல்' விசையோடு 'ஒய்' தட்டினால் பழைய கட்டளை அப்படியே வரும்.

ஒரு நிரல் தொகுப்பின் பதிப்பு 'யாங்க் செய்யப்பட்டது' என்று எச்சரிக்கை வந்தது. அழித்துவிட்டார்களா?

ரஸ்ட், பைத்தான் ஆகிய நிரல் மொழிகளின் பொதுக் களஞ்சியங்களில் அழிப்பதில்லை. குறையுள்ள பதிப்பைப் புதிதாக யாரும் எடுத்துவிடாதபடி ஒதுக்கிவைக்கிறார்கள். ஏற்கெனவே அந்தப் பதிப்பு எண்ணையே குறித்துவைத்து நம்பியிருக்கும் திட்டங்கள் உடையாமல் தொடர்ந்து அதைப் பெறலாம். பைத்தானில் இந்த ஏற்பாடு 2019இல் விதியாக வகுக்கப்பட்டது.

தொலைக்காட்சித் தொடர் பற்றிய பதிலோடு ஒப்பிட்டால், இங்கே சொல்லின் வேகம் தணிந்திருக்கிறது. தமிழில் 'விலக்கிவைக்கப்பட்ட பதிப்பு' என்பேன். 'நீக்கப்பட்ட' என்று எழுதினால் பொருள் தவறிவிடும்.

இயற்பியலிலும் 'யாங்க்' இருக்கிறதாமே?

இருக்கிறது. முடுக்கம் மாறும் வீதத்துக்கு 'ஜெர்க்' என்று பெயர். விசை மாறும் வீதத்துக்கு 'யாங்க்'. அலகு வினாடிக்கு இத்தனை நியூட்டன். நிறை மாறாதபோது, நிறையை 'ஜெர்க்'கால் பெருக்கினால் 'யாங்க்' கிடைக்கும். தசை எவ்வளவு விரைவாக விசையைக் கூட்டுகிறது என்பதை அளக்க இது முக்கியம் என்று 2019இல் உயிரி இயக்கவியல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார்கள். விளையாட்டாக வைத்த பெயர்போல் தெரிந்தாலும், தாத்தாவின் நூல் இழுப்பை அளக்க வேண்டுமென்றால் இதுவே சரியான அளவை.

'யாங்க்' உடன் அட், அவுட், அப், ஆஃப் எல்லாம் சேர்கின்றன. எது ஆபத்தானது?

'அட்' சேர்ந்தால் இழுத்தார், வந்ததா என்பது தெரியாது; பூட்டிய கதவைப் பிடித்து இழுப்பதுபோல. 'அவுட்' சேர்ந்தால் வெளியே வந்துவிட்டது. பல், ஆணி, களை. 'அப்' சேர்ந்தால் மேல்நோக்கி.

'ஆஃப்' சேரும்போது ஒரு பொருளைச் சொல்லிவிடுங்கள்: போர்வையை, மூடியை, கட்டுத்துணியை. பொருள் எதுவும் சொல்லாமல் விட்டால் சுயஇன்பத்தைக் குறிக்கும் கொச்சைப் பேச்சாகக் காதில் விழக்கூடும். மேலே தனியாகச் சொல்கிறேன் என்று ஒத்திவைத்தது இதுதான்.

'யோய்ங்க்' என்பது இதன் தம்பியா?

ஒலியில் தம்பி போலத்தான் இருக்கிறது. பிறர் பொருளைக் கண்ணெதிரே லபக்கென்று எடுத்துக்கொள்ளும்போது வாயால் எழுப்பும் ஒலி அது. 1990களில் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் வழியாகப் பரவியது. 'யாங்க்' செய்தவர் இழுத்தார் என்றுதான் தெரியும். 'யோய்ங்க்' என்றவர் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு விளையாட்டுப் பக்கத் தலைப்பில் 'யாங்க்ஸ் யாங்க்' என்று இருந்தது, பிறகு ஒரு பெயர். அச்சுப் பிழையா?

பிழையில்லை. முதல் 'யாங்க்ஸ்' நியூயார்க் அணி. இரண்டாவது 'யாங்க்' வினை. பின்னால் இருப்பது பாதி ஆட்டத்தில் வெளியே அழைக்கப்பட்ட பந்துவீச்சாளரின் பெயராக இருக்கும். ஆங்கிலத் தலைப்புகளில் எல்லாச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் பல பத்திரிகைகளில் இருப்பதால், முன்பு சொன்ன பெரிய எழுத்து, சிறிய எழுத்து அடையாளம் இங்கே கைகொடுக்காது. சொல் நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். தமிழில், 'தொடக்கப் பந்துவீச்சாளரைப் பாதியில் திரும்ப அழைத்தது நியூயார்க்' என்று போடுங்கள்.